வைடு லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தும் கூர்மையான படம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

24 மிமீ எஃப் 1.4 வைடு லென்ஸ் (அகலமான காட்சியைப் பிடிப்பது) கைக்கு வந்த புதிதில் எடுத்த ஒரு படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு சிறுமி, என்னிடமிருந்து ஒன்றரை மீட்டர் தூரம், ஃபிரேமின் வலது பக்கத்தில். கேமராத் திரையில் பார்த்தபோது அருமையாக இருந்தது. கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் இமை மயிர் எல்லாம் குழைந்து கிடக்கிறது, காதோரத்து முடி மட்டும் ஒவ்வொரு இழையையும் எண்ணிவிடலாம் போல நிற்கிறது. லென்ஸ்தான் மோசம் என்று முடிவு கட்டி அதை மாற்றப் பார்த்தேன். அந்தக் காதோரத்து முடியை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, கூர்மை விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

வைடு லென்ஸில் பெரிய அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) எடுத்து ஏமாந்துபோன படங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். வைடு என்றாலே எல்லாம் ஃபோகஸில் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. எஃப் 8-இல் அது உண்மை. எஃப் 1.4-இல் கூர்மை என்பது காற்றில் நிற்கும் ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகடு எங்கே நிற்கிறது, எவ்வளவு கனம், தட்டையா வளைந்ததா என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: எந்த வகை மங்கல் என்று கண்டுபிடியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் சரியில்லாத படத்தை முழு அளவில் திறந்து நிதானமாகப் பாருங்கள். படத்தில் வேறு எங்காவது கூர்மை இருக்கிறதா? முகம் மங்கல், ஆனால் பின்னால் உள்ள நாற்காலியின் துணி நெசவு தெரிகிறது என்றால் அது ஃபோகஸ் பிழை. எங்குமே கூர்மை இல்லை, ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டுக் கோடாகத் தெரிகின்றன என்றால் கேமரா அசைந்திருக்கிறது. சுவர் தெளிவு, நடந்துபோகிறவர் மட்டும் இழுபட்டிருக்கிறார் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்து மூலைகள் மட்டும் கரைந்திருந்தால் அப்போதுதான் லென்ஸின் பக்கம் திரும்ப வேண்டும், அப்போதும் உடனே அதைக் குற்றம் சொல்லிவிட முடியாது, ஏன் என்று கீழே வருகிறது.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'லென்ஸ் சாஃப்ட்' என்று சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. மருந்து நான்குக்கும் வேறு வேறு.

இரண்டாம் படி: தகட்டின் கனத்தை எண்களில் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபுல் ஃபிரேம் (36 x 24 மிமீ சென்சார்) கேமராவில் 24 மிமீ லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், வழக்கமான டெப்த் ஆஃப் ஃபீல்டு (எங்கிருந்து எங்கு வரை தெளிவு என்ற தூர எல்லை) கணக்குப்படி ஏறக்குறைய 1.35 மீட்டரிலிருந்து 1.68 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மொத்தம் 33 செமீ. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு 0.03 மிமீ அளவுள்ள மங்கல் வட்டத்தையும் 'தெளிவு' என்றே எடுத்துக்கொள்கிறது. ஓரளவு சிறிய பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்க்கிறவருக்கான அளவு அது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.0044 மிமீ, அதாவது ஏழு பிக்சல் அகலத்துக்குக் கரைந்து கிடப்பதும் இந்தக் கணக்கில் தேறிவிடுகிறது.

பெரிதாக்கிப் பார்த்தாலும் கூர்மையாக இருக்க வேண்டும் என்றால் நான் 0.01 மிமீ என்று வைத்துக் கணக்குப் போடுவேன். அப்போது அதே 33 செமீ வெறும் 11 செமீ ஆகிவிடும், முன்னால் 5, பின்னால் 6. அரை மீட்டருக்கு நெருங்கிப் போனால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். வைடு லென்ஸில் நெருங்கிப் போய் எடுப்பதுதான் அழகு, அங்கேதான் தகடும் காகிதம் மாதிரி ஆகிறது. செயலியில் டெப்த் ஆஃப் ஃபீல்டு பார்க்கிறீர்கள் என்றால் அது காட்டும் எண்ணை மூன்றால் வகுத்துவிடுங்கள், ஏமாற்றம் குறையும்.

இதே காரணத்தால்தான் ஹைப்பர்ஃபோகல் தூரத்தையும் பெரிய அப்பர்ச்சரில் நான் நம்புவதில்லை. 24 மிமீ எஃப் 1.4-க்கு அது சுமார் 13.7 மீட்டர். அங்கே ஃபோகஸை வைத்தால் 7 மீட்டர் முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவு என்று சூத்திரம் சொல்லும், தூரத்து மரத்தின் இலைகளோ பஞ்சு மாதிரி வந்து நிற்கும். தூரத்தில் இருப்பது முக்கியம் என்றால் தூரத்திலேயே ஃபோகஸ் வையுங்கள்.

மூன்றாம் படி: நடுவில் ஃபோகஸ் வைத்துக் கேமராவைத் திருப்பும் பழக்கத்தை விடுங்கள்

அந்தச் சிறுமியின் படத்தைக் கெடுத்தது இந்தப் பழக்கம்தான். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்தி, ஃபோகஸைப் பூட்டி, அப்புறம் கேமராவை இடது பக்கம் திருப்பி அவளை ஃபிரேமின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். பல வருடம் 50 மிமீ-இல் செய்து பழகியது, அங்கே பெரிதாகக் குற்றம் தெரிந்ததில்லை.

நடப்பது என்னவென்றால், ஃபோகஸ் தகடு கேமராவைச் சுற்றி வளைந்து நிற்பதில்லை, சென்சாருக்கு இணையாகச் சுவர் மாதிரி நிற்கிறது. கேமராவைத் திருப்பினால் சுவரும் கூடவே திரும்புகிறது. கண் இருக்கும் இடம் மாறவில்லை, ஒன்றரை மீட்டர்தான். ஆனால் 25 டிகிரி திருப்பியபின், கேமரா பார்க்கும் திசையில் அளந்தால் கண் 1.36 மீட்டரில் இருக்கிறது, சுவர் 1.5 மீட்டரிலேயே நிற்கிறது. 14 செமீ பின்னால். கண்ணுக்குப் பின்னால் 14 செமீ போனால் என்ன இருக்கும்? காதும் முடியும். வைடு லென்ஸில் பார்வைக் கோணம் பெரியது என்பதால் ஓரத்துக்குக் கொண்டுபோக நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்தப் பிழை இங்கே இவ்வளவு பெரிதாகிறது.

தீர்வு எளிது. முதலில் ஃபிரேமை முடிவு செய்யுங்கள், பிறகு ஃபோகஸ் புள்ளியை நகர்த்திக் கண்ணில் வையுங்கள். மிரர்லெஸ் (உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் புள்ளி ஏறக்குறைய ஃபிரேம் முழுவதும் போகும், ஐ ஆட்டோஃபோகஸ் இருந்தால் அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வைடு லென்ஸில் முகம் ஃபிரேமில் சின்னதாக இருக்கும்போது அது இமையை விட்டு மூக்கையோ புருவத்தையோ பிடிப்பதும் உண்டு, அதனால் எடுத்தவுடன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியின் அளவைச் சிறியதாக வையுங்கள். பெரிய பெட்டிக்குள் முகமும் பின்சுவரும் சேர்ந்து விழுந்தால், எதைப் பிடிப்பது என்று கேமராவே முடிவு செய்துவிடும், அது அநேகமாக மாறுபாடு அதிகமுள்ள பின்சுவராக இருக்கும்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே மடங்கும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பிடிக்கும் சென்சார் வேறு. இரண்டுக்கும் நடுவே துளி வித்தியாசம் இருந்தாலும் எஃப் 1.4-இல் அது தெரிந்துவிடும். முக்காலியில் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஒரு படமும் வியூஃபைண்டர் வழியே ஐந்தாறு படங்களும் எடுத்து ஒப்பிடுங்கள், ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக விலகியிருந்தால் மெனுவில் உள்ள மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் சரிசெய்யலாம். முன்னும் பின்னுமாக விலகியிருந்தால் அதனால் பயனில்லை, அந்த லென்ஸுக்கு லைவ் வியூதான் வழி. இன்னொன்று, டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரின் சாதாரண ஃபோகஸ் திரை எஃப் 2.8 அளவுக்குத்தான் ஆழத்தைக் காட்டும், எஃப் 1.4-இன் மெல்லிய தகடு அதில் தெரியவே தெரியாது. கண்ணால் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்வது அதில் குருட்டு வேலை.

நான்காம் படி: தகடு வளைந்திருக்கிறதா பாருங்கள்

மேலே சுவர் என்று சொன்னேன், ஆனால் பல வைடு லென்ஸ்களில் அந்தச் சுவர் தட்டையாக இருப்பதில்லை. ஓரங்களில் கேமரா பக்கம் வளையலாம், வெளிப்பக்கமும் வளையலாம், மீசை மாதிரி வளைந்து நெளிந்தும் இருக்கலாம். மூலை மங்கல் என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு உண்மையில் இந்த வளைவுதான். மூலையில் கூர்மை இருக்கிறது, ஆனால் வேறொரு தூரத்தில் இருக்கிறது.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும், எந்தக் கருவியும் வேண்டாம். சரளைக்கல்லோ புல்லோ சீராகப் பரவிய திறந்தவெளிக்குப் போங்கள். கேமராவை முக்காலியில் நெஞ்சு உயரத்தில் வைத்து, லேசாகக் கீழே சாய்த்து, பக்கவாட்டில் மட்டம் பார்த்து, ஃபிரேமின் நடுவில் நாலைந்து மீட்டர் தள்ளி ஃபோகஸ் வைத்து, முழுக்கத் திறந்த அப்பர்ச்சரில் ஒரு படம் எடுங்கள். கணினியில் விளிம்புகளைக் கோடாகக் காட்டும் ஃபில்டரைப் போட்டால் கூர்மையான பகுதி மட்டும் ஒரு பட்டையாக எழும்பி நிற்கும். பட்டை இடமிருந்து வலம் நேராக ஓடினால் தட்டையான லென்ஸ். இரு முனைகளும் ஃபிரேமின் கீழ்ப்பக்கம் இறங்கினால் ஓரங்களில் தகடு உங்களை நோக்கி வளைகிறது. மேலே ஏறினால் விலகி ஓடுகிறது. ஒரு முனை மட்டும் வேறு மாதிரி போனால் கண்ணாடித் துண்டு ஏதோ ஒன்று நடுவிலகியிருக்கிறது, அல்லது நீங்கள் மட்டம் சரியாகப் பார்க்கவில்லை.

என் லென்ஸை இப்படிப் பார்த்தபோது பட்டை புன்னகை தலைகீழான மாதிரி இருந்தது, நடுவில் மேலே, ஓரங்களில் கீழே. அதன்பின் குழுப்படம் எடுக்கும்போது ஆட்களை நேர்கோட்டில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். ஓரத்தில் நிற்பவர்களை ஓர் அடி முன்னால் வரச் சொன்னால் எல்லோருடைய கண்ணும் தகட்டில் வந்து உட்காருகிறது. தூரக் காட்சிகளில் ஃபோகஸ் புள்ளியை நடுவில் வைக்காமல் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கிறேன், நடுவில் துளி விட்டுக்கொடுத்தால் ஓரத்தில் நிறையக் கிடைக்கிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தர முடியாது, அவரவர் லென்ஸை அவரவர்தான் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கையால் ஃபோகஸ் செய்யும்போது

வைடு லென்ஸ்களின் ஃபோகஸ் வளையத்தில் மூன்று மீட்டருக்கும் முடிவிலிக்கும் இடையே விரல் அகலம் கூட இருக்காது. மயிரிழை திருப்பினால் பல மீட்டர் தாண்டிவிடும். ஃபோகஸ் பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளை நிறத்தால் மினுங்கக் காட்டும் வசதியை) இங்கே நம்ப வேண்டாம், வைடு காட்சியில் சின்னச் சின்ன விவரங்கள் நிறைய இருப்பதால் முன்னும் பின்னும் எல்லாமே மினுங்கும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். மெதுவாகக் கூர்மைக்குக் கொண்டுவந்து, வேண்டுமென்றே கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வாருங்கள். உச்சம் எது என்று தாண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முடிவிலிக் குறியில் வளையத்தை வைத்துவிட்டு விண்மீன் படம் எடுக்கக் கூடாது. பல லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும், வெப்பநிலைக்கு ஏற்ப ஃபோகஸ் இடமும் நகரும். பளிச்சென்ற ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பி, ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர இடையிடையே மறுபடி பாருங்கள்.

விண்மீன் என்று வந்தாயிற்று, நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 500-ஐக் குவியத் தொலைவால் (லென்ஸின் மிமீ எண்) வகுக்கும் பழைய விதி 24 மிமீ-க்குச் சுமார் 20 நொடி தரும். வானம் நொடிக்கு 15 வில்நொடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) சுழல்கிறது, 24 மிமீ லென்ஸில் அது சென்சாரில் 1.75 மைக்ரான். 20 நொடியில் 35 மைக்ரான், அதாவது 45 மெகாபிக்சல் கேமராவில் எட்டு பிக்சல் நீளக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து லென்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. எஃப் 1.4 கையில் இருக்கும்போது 8 நொடியில் நிறுத்திவிடுங்கள், சுமார் மூன்று பிக்சல்தான் ஓடும்.

ஆறாம் படி: ஷட்டரை வேகமாக வையுங்கள்

கைநடுக்கத்துக்கு 'குவியத் தொலைவில் ஒன்று' என்ற விதிப்படி 24 மிமீ-க்கு 1/25 நொடி போதும். இன்றைய சென்சார்களுக்குப் போதாது, 1/100 வையுங்கள். அதைவிட முக்கியமானது எதிரே இருப்பவரின் அசைவு, ஸ்டெபிலைசேஷன் (கைநடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நிறுத்த முடியாது. இரண்டு மீட்டர் தூரத்தில் ஒருவர் சாதாரண நடையில், நொடிக்கு 1.4 மீட்டர், குறுக்கே போகிறார் என்றால் 1/60 நொடியில் 24 மிமீ லென்ஸில் அவர் பிம்பம் 60 பிக்சலுக்குமேல் நகர்ந்துவிடும். 1/500-இல் எட்டு பிக்சல். உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/200, நடப்பவருக்கு 1/500, ஓடும் குழந்தைக்கு 1/1000. இதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், நாய்ஸை (படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகளை) பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்துபோன கண்ணை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

பகல் வெயிலில் சிக்கல் தலைகீழ். ஐஎஸ்ஓ 100-இல் நல்ல வெயிலுக்கு எஃப் 16, 1/100 என்பது பழைய கணக்கு. எஃப் 1.4-க்கு வந்தால் ஏழு ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒளியை இரு மடங்காக்கும்), 1/12800 வேண்டும், பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-இல் நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் கைகொடுக்கும், ஆனால் வேகமான அசைவு கோணலாகும். மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருமையான கண்ணாடி) போட்டால் 1/1600-இல் நிம்மதியாக எடுக்கலாம். அதை மெல்லிய விளிம்புள்ளதாக, நல்ல கண்ணாடியில் வாங்குங்கள், தடித்த விளிம்பு வைடு லென்ஸின் மூலைகளை இன்னும் இருட்டாக்கும். எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டரின் முதல் திரைக்குப் பதில் மின்னணு முறை) வைத்திருந்தால் 1/2000-க்குமேல் முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பின்னணி ஒளிவட்டங்கள் வெட்டுப்பட்ட மாதிரி வரும்.

ஏழாம் படி: எப்போது அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூட வேண்டும்

பெரிய அப்பர்ச்சரோடு வைடு லென்ஸ் செய்வது கண்ணாடித் தொழிலில் கடினமான வேலைகளில் ஒன்று. எஸ்எல்ஆரில் கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நிற்க வேண்டியிருந்தது, நிகான் எஃப் மவுன்ட்டில் 46.5 மிமீ, கேனான் ஈஎஃப்-இல் 44 மிமீ. 24 மிமீ லென்ஸை அவ்வளவு தூரத்திலிருந்து வேலை செய்யவைக்கத்தான் ரெட்ரோஃபோகஸ் அமைப்பு. ஸ்டில் கேமராவுக்கு பியேர் ஆன்ஜெனியூ 1950-இல் கொண்டுவந்த 35 மிமீ எஃப் 2.5 அதன் முன்னோடி. மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி நிகான் இசட்-இல் 16, சோனி ஈ-இல் 18, கேனான் ஆர்எஃப்-இல் 20 மிமீ என்று சுருங்கியதால் வடிவமைப்பவர்களுக்குக் கை விரிந்தது, புதிய வைடு லென்ஸ்களின் ஓரங்கள் முழுக்கத் திறந்தும் நன்றாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய லென்ஸோ புதியதோ, மூடினால் எது சரியாகும் எது ஆகாது என்று தெரிந்திருக்க வேண்டும். மூலையில் விண்மீன்கள் சிறகு விரித்த பறவை மாதிரி வருவது கோமா, எஃப் 1.4-இலிருந்து எஃப் 2-க்கு வந்தாலே நன்றாகக் குறையும், எஃப் 2.8-இல் பெரும்பாலும் அடங்கும். ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் படர்வதும் மூட மூடக் குறையும். மூலையில் மாறுபாடு அதிகமுள்ள விளிம்புகளில் சிவப்பும் நீலமுமாக ஓடும் கோடு மட்டும் மூடினாலும் போகாது, அதை ரா ஃபைலை (கேமராவின் பதப்படுத்தாத கோப்பை) திறக்கும் மென்பொருளில்தான் எடுக்க வேண்டும், ஒரு கிளிக்கில் போய்விடும். நடுவில் ஓர் ஆள் மட்டும் என்றால் எஃப் 1.4-ஐத் தயங்காமல் வையுங்கள். ஓரத்தில் முக்கியமான ஒன்று இருந்தால் எஃப் 2. இரண்டு வரிசை ஆட்கள் என்றால் எஃப் 2.8-க்குக் கீழே போகாதீர்கள். சில லென்ஸ்களில் முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடினால் தகடு கொஞ்சம் பின்னால் நகரும், எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

எட்டாம் படி: இவ்வளவுக்கும் பிறகும் மங்கலா? லென்ஸைச் சோதியுங்கள்

தூரத்தில் ஒரு கட்டடத்தின் ஜன்னல் போல விவரமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முக்காலியில் வைத்து, அதே ஜன்னலை ஃபிரேமின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், ஒவ்வொரு மூலையிலும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். தனித்தனியாக ஃபோகஸ் செய்வதால் தகட்டின் வளைவு குறுக்கே வராது. நான்கும் ஒரே அளவுக்குச் சுமாராக இருந்தால் அது அந்த வடிவமைப்பின் எல்லை. மூன்று மூலை நன்றாக இருந்து ஒன்று மட்டும் கரைந்து கிடந்தால் அந்தக் குறிப்பிட்ட லென்ஸில் கோளாறு, தயங்காமல் மாற்றக் கேளுங்கள், சோதனைப் படங்களையும் கூடவே காட்டுங்கள். செங்கல் சுவரை எடுத்துச் சோதிப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் சென்சாரைச் சுவருக்குத் துல்லியமாக இணையாக நிறுத்துவது மிகக் கடினம், கோணம் துளி பிசகினாலும் நல்ல லென்ஸைத் தள்ளிவிடுவீர்கள்.

கணினியில்

முழுக்கத் திறந்த படத்தில் மூலைகள் இருண்டிருக்கும், அதை மென்பொருள் வெளிச்சமாக்கும்போது நாய்ஸும் சேர்ந்தே எழும். இருட்டு படத்துக்கு நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள், நான் பெரும்பாலும் பாதிதான் சரிசெய்கிறேன். டிஸ்டார்ஷன் (நேர்கோடு வளைந்து தெரிவது) திருத்தம் மூலையில் உள்ள பிக்சல்களை இழுத்து நீட்டுவதால் அங்கே கூர்மை இன்னும் குறையும், நேர்கோடுகள் இல்லாத காட்சியில் அதைப் போடாமலே விடலாம். ஷார்ப்பனிங் போடும்போது மாஸ்க் ஸ்லைடரைப் பிடித்து ஏற்றுங்கள், ஃபோகஸில் உள்ள விளிம்புகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும் வரை. கரைந்த பின்னணியில் ஷார்ப்பனிங் ஏறினால் அங்கே நாய்ஸ்தான் மணல் மணலாகக் கூர்மையாகும், கண்ணில் இருக்க வேண்டிய கவனம் அங்கே போய்விடும்.